அடிக்கு முந்திய நிசப்தம்

காவிரியின் மேல்கரையில், பாலத்துக்கு இந்தப் பக்கம், தறிச்சத்தத்துக்குள்ளேயே பிறந்து தறிச்சத்தத்துக்குள்ளேயே செத்துப்போகிற ஜனங்கள் வாழும் வெள்ளியம்பாளையத்தில், கூலி உயர்வு கேட்டு ஊரிலிருந்த எல்லா விசைத்தறிகளையும் நாங்கள் நிறுத்திய முதல் நாள் காலையில்தான், எங்கள் ஊருக்குப் பின்னணி இசை இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரிந்தது.

அதற்கு முன்பும் அது இருந்திருக்க வேண்டும். இரவும் பகலும் தறி அடிக்கிற ஊரில் யாருக்குக் கேட்கும்? கரண்ட் போகிற நேரத்திலும் எங்கள் காதுக்குள் தறி அடித்துக்கொண்டேதான் இருக்கும். பாலத்தடியில் இருந்த வேலாயுதா டாக்கீஸில் அந்த வருஷம் புதுப் பெட்டிகள் மாட்டி, சுவருக்கு நாலும் கூரைக்கு இரண்டுமாக ஒலிபெருக்கிகளைத் தொங்கவிட்டு, சண்டைப் படமாகவே தேர்ந்தெடுத்து ஓட்டினார்கள். கொட்டகை சின்னது, சத்தம் பெரியது. கொள்ளாத சத்தம் கதவிடுக்கு வழியாக வெளியே வந்து, எங்கள் ஊர்க் காற்றில் எப்போதும் பறந்துகொண்டிருக்கும் பஞ்சுத் தூசியில் ஒட்டிக்கொண்டது என்றும், அந்தத் தூசி படியாத வீடோ பாத்திரமோ நுரையீரலோ ஊரில் இல்லாததால் இசையும் எல்லா இடத்திலும் படிந்துவிட்டது என்றும் டாக்கீஸ் ஆபரேட்டர் ஆரோக்கியம் சொன்னார். அவர் கோடம்பாக்கத்தில் சத்தம் சேர்க்கிற இடத்தில் கொஞ்ச காலம் எடுபிடியாக இருந்தவர். வேறு காரணம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வேலைநிறுத்தம் நடக்கிற ஊரில் காரணம் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை.

முதலில் கேட்டது டீக்கடையில். கடைக்காரர் குவளையை உயரத் தூக்கி டீயை இழுத்து ஆற்றினார். அந்தச் செந்நிற இழை நீள நீள வயலின்களும் கூடவே நீண்டு மேலே ஏறின. நுரை தம்ளரில் விழுந்ததும் வயலின்கள் அடங்கின. கடைக்காரர் ஒரு கணம் தம்ளரைப் பார்த்தார், பிறகு இன்னும் கொஞ்சம் உயரமாகத் தூக்கி ஆற்றினார். அந்தக் காலையில் அவருக்கு டீ விற்றது போல ஒருபோதும் விற்றதில்லை.

அடுத்தது நாச்சிமுத்து. அர்த்தநாரி முதலாளியின் பட்டறையில் தறி ஓட்டுகிறவன், நல்ல உயரம், யார் எது சொன்னாலும் சிரித்துவிட்டுத் தலையைச் சொறிகிறவன், சங்கக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குகிறவன். அவன் பீடி வாங்கத் தெருவைக் கடந்தபோது, வைத்த ஒவ்வொரு அடிக்கும் பூமிக்குள்ளிருந்து ஒரு பெரிய மேளம் அதிர்ந்தது. அவன் நின்றான், மேளம் நின்றது. ஒரு காலைத் தூக்கினான், மேளமும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. காலை மெதுவாக வைத்துப் பார்த்தான், மெதுவாக அதிர்ந்தது. தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவன் தலையைச் சொறிந்தான். அதற்குக்கூட எக்காளம் ஊதியது.

எனக்கும் வந்தது. நாற்பது வருஷம் இந்த ஊரின் கூலிக்காகக் கத்திய தொண்டை என்னுடையது. பள்ளிக்கூடம் போனவனல்ல நான். சங்கத்தின் துண்டறிக்கைகளை விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டியே படிப்பைத் தேடிக்கொண்டவன். ஜெயிலுக்குப் போயிருக்கிறேன், முன்பல் இரண்டை போலீஸ் தடிக்குக் கொடுத்திருக்கிறேன், இந்த ஊரில் ஒவ்வொரு பைசா கூலி உயர்வும் என் வாய் வழியாகக் கேட்கப்பட்டதுதான். அன்று காலை, வேலைநிறுத்தக்காரர்களுக்காகச் சங்கம் திறந்த கஞ்சித் தொட்டிக்கு அருகே டெம்போவின் மேல் ஏறி நின்று, முதலாளித்துவத்தின் கோரப் பற்களைப் பற்றி நான் ஒரு வாக்கியம் சொல்லி முடித்தேன். எனக்குப் பின்னாலிருந்து, சிரிப்பு நடிகன் வாழைப்பழத் தோலில் வழுக்கும்போது போடுவார்களே, அது வந்தது. டொய்ங்.

கூட்டம் சிரித்தது. நான் அடுத்த வாக்கியத்துக்குப் போனேன். டொய்ங்.

உழைக்கும் மக்களின் வரலாற்றுக் கடமையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் நீளமாகவே வந்தது. டொ...ய்ங்.

இப்படியாக எங்கள் ஊரில் இசை வந்து குடியேறியது. இரண்டொரு நாளில் ஜனங்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். கரண்ட் எப்போது வரும், தண்ணீர் எப்போது வரும் என்று பேசிக்கொள்வது போல யாருக்கு என்ன இசை வருகிறது என்று பேசிக்கொண்டார்கள். அர்த்தநாரி முதலாளி காரின் கதவைச் சாத்தினால் வயிற்றுக்குள் உருளுகிற ஒரு ஆழமான சத்தம் வந்தது, அதைக் கேட்பதற்காகவே அவர் ஒரு தெருவுக்குள் நாலு இடத்தில் இறங்கி ஏறினார். மாரியம்மன் கோயிலில் சில நாட்களில் தீபாராதனைக்கு மணி அடித்த பிறகும் இசை தாமதமாகத்தான் வந்தது. அது வரும்வரை பூசாரி தட்டைக் கீழே இறக்காமல் கை வலிக்க நின்றார், ஜனங்களும் கும்பிட்ட கையோடு நின்றார்கள். பெண் பார்க்கப் போன இடங்களில் ஜாதகத்தோடு கூட, பெண் காப்பித் தட்டோடு வரும்போது புல்லாங்குழல் கேட்டதா என்றும் விசாரித்தார்கள். நகராட்சியில் குழாய் திறந்துவிடுகிற அப்பாவி மனுஷன் ஒருவருக்கு, எந்தக் குற்றமும் செய்யாமலே, வில்லன் வரும்போது வருகிற அந்த அடித்தொண்டை உறுமல் வந்தது. அவர் தெருத் திருப்பத்தில் வந்தாலே குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார். அந்த மனுஷனுக்காக இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு. நாங்கள் யாரும் அவரைத் தடுக்கவில்லை.

பெண் பார்க்கிற அந்தப் புல்லாங்குழலை விட்டால் பெண்களுக்கு இசை ஒன்றே ஒன்றைத்தான் ஒதுக்கியிருந்தது, அழுகைக்கு வாசிக்கிற ஒற்றை வயலின். தண்ணீர் தூக்கினாலும் அது, சண்டை போட்டாலும் அது. கஞ்சித் தொட்டியில் வேலை செய்த பெண்கள் ஒரு நாள் இதைப் பற்றி என்னிடமே முறையிட்டார்கள். நாங்க வயிறு வலிக்கச் சிரிச்சாலும் எழவு வீடு மாதிரியே வாசிக்குதுங்க தோழர், சங்கத்துல சொல்லி இதுக்கு ஒரு வழி பண்ணக்கூடாதுங்களா என்றார்கள். கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று சொன்னேன். டொய்ங் என்றது. அவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், வயலின் அழுதது.

அந்தப் பெண்களில் ஒருத்தி மட்டும் எதுவும் சொல்லாமல் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் பாவாயி, நாச்சிமுத்துவின் மனைவி. சின்ன வயதிலிருந்து தறிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, நாடாவுக்குள் போகிற நூலைக் குச்சியில் தார் சுற்றியவள். தறிச்சத்தம் அவள் காதுகள் இரண்டையும் எப்போதோ தின்றுவிட்டது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் காது மந்தம், அவளுக்கு முழுசாகவே இல்லை. பட்டறைக்குள் எல்லோரும் உதட்டையும் கையையும் பார்த்தே பேசிப் பழகியவர்கள் என்பதால் அவளோடு பேசுவதில் யாருக்கும் சிரமம் இருந்ததில்லை. முகத்தைக் காட்டிச் சொன்னால் போதும். அவள் பேசும்போது மட்டும் குரல் ஏற்ற இறக்கமில்லாமல், சற்றுப் பலமாக வரும். ஊரே இசைக்குள் மூழ்கிக் கிடந்தபோது அவள் ஒருத்திக்கு மட்டும் ஊர் பழைய ஊராகவே இருந்தது. புருஷன் தெருவில் நடந்தால் எல்லோரும் ஏன் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று அவள் கேட்க, அவன் கையை விரித்து மேளம் அடித்துக் காட்டியிருக்கிறான். அவள் நம்பவில்லை. சட்டை கிழிந்திருக்கிறது, அதைத்தான் பார்க்கிறார்கள் என்று சொல்லித் தைத்துக் கொடுத்தாள்.

சண்டைப் படங்கள் எனக்குப் பிடிக்காது, ஆனாலும் எதிரியின் ஆயுதத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று வேலாயுதா டாக்கீஸுக்கு நான் போவதுண்டு. வேலைநிறுத்தத்துக்கு முந்திய மாதம் ஒரு மாலைக்காட்சியில் பெட்டி பழுதாகி, ஒரு ரீல் முழுக்கச் சத்தமே வரவில்லை. சண்டைக்காட்சி. தொப்பை தெரிகிற ஒரு மனிதன் காற்றில் கையை வீசினான், எட்ட நின்றவர்கள் தாங்களாகவே போய் விழுந்தார்கள், ஒருவன் விழுவதற்கு முன் திரும்பி மெத்தை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். கொட்டகை சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நான் மறக்கவே மாட்டேன். பெட்டி சரியாகி, மேளமும் கோரஸும் மறுபடி வந்ததும் அதே மனிதன் அதே தொப்பையோடு மலை போல எழுந்து நின்றான், சிரித்த அதே வாய்கள் விசில் அடித்தன. இடைவேளையில் நான் ஆபரேட்டர் அறைக்கு ஏறிப்போய் ஆரோக்கியத்திடம் இதைச் சொன்னேன். சத்தம்தான் அவனை ஆளாக்குகிறது, நிஜத்தில் அவன் யாருமில்லை என்றேன். அவர் ஒத்துக்கொண்டார். எலும்பு முறிகிற சத்தத்துக்குக் கரும்பை முறிப்போம், கன்னத்தில் விழுகிற அறைக்கு ஈரச் சாக்கைக் கல்லில் அடிப்போம், அதையெல்லாம் யாரும் செய்யலாம் என்று சொல்லிவிட்டு, புரொஜெக்டர் விளக்கின் கரிக்குச்சியைத் திருகிக்கொண்டே அசல் விஷயத்துக்கு வந்தார்.

"அடியில ஒண்ணும் இல்லீங்க தோழர். அடிக்கு முந்தி ஒரு மூச்சு நேரம் எல்லாத்தையும் அமத்திருவோம். மேளம், கூச்சல், காத்து, ஒண்ணும் இருக்காது. மொத்தச் சனமும் காதைத் தீட்டிக்கிட்டு முன்னால சாயும். அப்பப் போடறம் பாருங்க, அதுதான் அடி."

"அந்த மூச்சு நேரத்துல சனம் என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாதுங்க. காத்துக்கிட்டு இருக்கும்."

அதை அன்று நான் ரசித்தேன். ஒரு நல்ல பேச்சாளனும் அப்படித்தான் செய்வான், வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்துவான். அந்த நிறுத்தம் தெரிந்ததால்தான் என் பேச்சுக்குப் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆள் வந்தது. இப்போது நான் எங்கே நிறுத்தினாலும் டொய்ங் என்று ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

வேலைநிறுத்தம் நீண்டுகொண்டு போக, கஞ்சி தண்ணீராகிக்கொண்டு வர, ஜனங்களுக்கு நம்பிக்கை என்று ஒன்று தேவைப்பட்டது. சங்கக் கமிட்டி கூடியது. தோழர் மருதாசலம், அதாவது நான், எழுதட்டும், நாச்சிமுத்து பேசட்டும் என்று முடிவானது. எனக்கு எதிராக யாரும் ஒரு சொல் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்கள். உங்க தியாகத்துக்கு ஈடில்லைங்க தோழர், ஆனா மியூசிக் அவனுக்குத்தானுங்களே வருது என்றார்கள். தீர்மானத்தில் நானே கையெழுத்துப் போட்டேன்.

அன்று முதல் நான் எழுதினேன், அவன் டெம்போ மேல் ஏறி அதை வாசித்தான். தப்பும் தவறுமாகத்தான் வாசிப்பான், சுரண்டலைச் சுண்டல் என்று ஒரு முறை வாசித்துவிட்டான். ஆனால் அவனுக்குப் பின்னால் நூறு வயலினும் தாரை தப்பட்டையும் எழும்பி வந்தபோது சுண்டலும் சுரண்டலாகவே ஒலித்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அடுத்த நாள் வேலைக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தவர்கள் முண்டாசை இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். என் சொற்களுக்குக் கிடைத்த பெரிய வரவேற்பு அதுதான். கூட்டத்தின் ஓரத்தில் நின்று நான் அதைக் கேட்டேன்.

நாச்சிமுத்து ஒரு மத்தியானம் சங்க அலுவலகத்துக்கு வந்தான். வாசலில் நுழையும்போதே மேளம் அதிர்ந்ததால் வெட்கப்பட்டுக்கொண்டு, நுனிக்காலில் நடந்து வந்து உட்கார்ந்தான். வெகுநேரம் தலையைச் சொறிந்தான். என்னடா என்றேன்.

"எனக்கு இது வேண்டாமுங்க தோழர். மேளம் வந்துட்டா காலு எம் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. அன்னைக்குப் போலீஸ் ஜீப்பு முன்னாடி நான் போய் நின்னது நானில்லீங்க. அதுதான் இழுத்துட்டுப் போச்சு. ஒருநா என்னெ எங்கியாச்சும் கொண்டுபோய் விட்டுரும்."

நான் அவனை வீட்டில் இருக்கச் சொன்னேன். நாலு நாளைக்கு எந்தக் கூட்டத்துக்கும் வராதே, கமிட்டிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவனும் போய் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தான். ஆனால் இசை அவன் வாசலில் போய் நின்றுகொண்டது. கதவு திறக்கப் போகிறது, திறக்கப் போகிறது என்பது போல, மெல்லிய ஒரே ஒரு தாளம், விடாமல், பொழுது விடிந்து பொழுது சாயும்வரை. ஜனங்கள் அந்த வாசலுக்கு வந்து கூடினார்கள். அவர்களுக்கும் வேறு போக்கிடமில்லை, வீட்டில் அடுப்பு எரியவில்லை. யாரும் அவனைக் கூப்பிடவில்லை. தாளம் போகிற போக்கில் தலையை ஆட்டிக்கொண்டு கதவையே பார்த்தபடி நின்றார்கள். உள்ளே பாவாயி அவன் முகத்தையும் ஜன்னலுக்கு வெளியே இருந்த முகங்களையும் மாறிமாறிப் பார்த்தாளாம். என்ன வேணுமாம் அவங்களுக்கு என்று அவனைக் கேட்டாளாம். அவன் எழுந்து, அவள் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்தான். எக்காளங்கள் எல்லாம் ஒன்றாக எழுந்தன என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அதற்கு மறுநாள் அர்த்தநாரி முதலாளி, கிடங்கில் தேங்கியிருந்த துணிப் பீஸ்களை லாரியில் ஏற்றி வெளியே அனுப்பப் போகிறார் என்று செய்தி வந்தது. அந்தத் துணி வெளியே போய்விட்டால் வேலைநிறுத்தம் போனது. அந்தக் காசில் அவருக்கு இன்னும் ரெண்டு மாதம் தாங்கும், எங்களுக்கு ரெண்டு நாள்கூடத் தாங்காது. இது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஊரே கிடங்கு வாசலுக்குப் போனது. பெண்கள் கஞ்சித் தொட்டியையும் அங்கேயே கொண்டுவந்து அடுப்புக் கூட்டினார்கள். நான் டெம்போ மேல் ஏறிக்கொண்டேன், அங்கிருந்தால்தான் கூட்டத்தை ஒழுங்கு பண்ண முடியும். எல்லோரும் கை கோத்து வரிசையாக ரோட்டில் உட்கார வேண்டும், ஆயிரம் பேர் மேல் எந்த லாரியும் ஏறாது என்பதுதான் நான் முந்தின நாள் எழுதிக் கொடுத்திருந்த திட்டம். சாதாரணத் திட்டம். அதுவரை நாற்பது வருஷத்தில் அது தோற்றதில்லை.

லாரி கிடங்கிலிருந்து வெளியே வந்தது. முன்னால் வெளியூர் ஆட்கள், கையில் இரும்புத் தடி. அப்போது மேளம் ஆரம்பித்தது.

அதுவரை கேட்ட எதுவும் அதற்குச் சமமில்லை. ரோட்டில் கிடந்த ஜல்லி துள்ளியது. கஞ்சித் தொட்டியில் கஞ்சி வட்டவட்டமாக அதிர்ந்தது. நாச்சிமுத்து தன் துண்டை எடுத்துப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தான். கை கோத்திருந்தவர்கள் எழுந்து அவன் பின்னால் போகப் பார்த்தார்கள். அவன் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, நில்லுங்கள் என்று காட்டினான். அந்தக் கையை நாங்கள் எத்தனையோ படத்தில் பார்த்திருக்கிறோம். எல்லோரும் நின்றார்கள். சந்தோஷத்தோடு நின்றார்கள், அதையும் சொல்ல வேண்டும். கோரஸ் எழுந்தது. முதல் ஆள் தடியை ஓங்கினான், நாச்சிமுத்து அவனை ஒரு அடி அடித்தான், இடி விழுந்த மாதிரி சத்தம், அந்த ஆள் போய் லாரியின் முகப்பில் விழுந்தான். ஊர் கத்தியது. இரண்டாவது ஆளும் விழுந்தான். கரும்பு முறிகிற சத்தம்.

பிறகு எல்லாம் நின்றுவிட்டது.

மேளம் நின்றது, கோரஸ் நின்றது. அது மட்டுமில்லை. லாரியின் என்ஜின் ஓடுவது தெரிந்தது, சத்தமில்லை. காக்கைகள் வாயைத் திறந்து மூடின, சத்தமில்லை. காவிரி அங்கிருந்து கூப்பிடு தூரம்தான், அதன் இரைச்சலும் இல்லை. என் மூச்சே எனக்குக் கேட்கவில்லை. ஆயிரம் பேரும் காதைத் தீட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்ததை டெம்போ மேலிருந்து நான் பார்த்தேன், காற்றில் சாய்கிற பயிர் போல இருந்தது. முன்வரிசையில் ஒருவன் சிரித்தபடி பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தான், இப்பப் பாரு என்கிற மாதிரி. இன்னொருவன் கையைக் கட்டிக்கொண்டான்.

அந்த நிசப்தத்துக்குள் முதல் தடி நாச்சிமுத்துவின் தோளில் விழுந்தது. சத்தமில்லை. இரண்டாவது முழங்காலில். அவன் மண்டியிட்டான். எங்கள் எல்லோருக்கும் தெரியும், மண்டியிட்டுத்தான் எழுவான். மூன்றாவது. நான்காவது. தடிகள் ஏறி இறங்குவதும், அவன் சட்டை கிழிவதும், அவன் வாய் எங்களைப் பார்த்து எதையோ சொல்வதும், எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. உதடு பார்த்தே பேசிப் பழகிய ஊர் அது, ஆனால் அன்று ஒருவரும் உதட்டைப் பார்க்கவில்லை, எல்லோரும் காதில் இருந்தார்கள். நான் கத்தினேன். போய்த் தூக்குங்கடா, உள்ளே பூந்து தூக்குங்கடா என்று, நாற்பது வருஷத்துத் தொண்டை கிழியக் கத்தினேன். அது என் காதுக்கே வந்து சேரவில்லை. டெம்போவிலிருந்து குதித்திருக்கலாமே என்று பிற்பாடு கேட்டவர்கள் உண்டு. கூட்டத்தை அங்கிருந்துதான் நடத்த முடியும் என்று அவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அன்று எங்கள் முன்னால் இருந்தது ஒரே ஒரு கேள்விதான். இது அடிக்கு முந்திய நிசப்தமா, இல்லை பெட்டி பழுதான நிசப்தமா. முந்தியதாக இருந்தால் காத்திருக்க வேண்டும். பழுதாக இருந்தால் அங்கே கதாநாயகன் இல்லை, நாச்சிமுத்து என்ற ஒரு தறிக்காரனை நாலைந்து பேர் சேர்ந்து கொல்கிறார்கள். ஆயிரம் பேருக்கு அது தெரியவில்லை. ஆயிரம் பேரும் காத்திருந்தோம்.

கஞ்சித் தொட்டிப் பக்கத்திலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். கையில் கஞ்சி ஊற்றுகிற பெரிய கரண்டி. அவளுக்கு மேளம் வந்ததும் தெரியாது, நின்றதும் தெரியாது. புகைக்குள் குனிந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள், புருஷனை அடிக்கிறார்கள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. சாய்ந்து நின்ற கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு, ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டுக்கொண்டு, அசையாதவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு பாவாயி போனாள். போய் அவன் மேல் விழுந்து மூடிக்கொண்டாள். அவள் முதுகில் விழுந்த தடிக்கும் சத்தமில்லை. ஒரு பெண் குறுக்கே விழுந்ததும் அந்த ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், லாரியில் ஏறினார்கள். அப்போதுதான் லாரியின் உறுமல் காதுக்கு வந்தது. காக்கை கேட்டது, ஆறு கேட்டது. வயலின் வரவில்லை. அந்த ஒற்றை வயலின்கூட அவளுக்கு வாசிக்கவில்லை. லாரி எங்களைத் தாண்டிப் போனது, வழிவிட்டு நின்றோம்.

நாச்சிமுத்துவை டெம்போவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாலத்தின் நடுவில் வைத்து உயிர் போய்விட்டது. அவன் தலை பாவாயியின் மடியில் இருந்தது. அவள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால், அது நின்றது எங்களுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்தது.

வேலைநிறுத்தம் அந்த வாரமே முடிந்தது. நாங்கள் கேட்டதில் கால்வாசிகூட இல்லாத ஒரு உயர்வுக்குக் கையெழுத்தானது. கையெழுத்துப் போட்டவன் நான்தான், வேறு யாருக்கும் அந்த மேஜைக்கு வரத் தைரியமில்லை. தறிகள் மறுபடி ஓடின. இரவும் பகலும் அவை அடித்த அடியில் இசை புதைந்துபோனது. வேலாயுதா டாக்கீஸுக்கு யாரும் போகாததால் பெட்டிகளைக் கழற்றி விற்றார்கள், பிறகு அது கல்யாண மண்டபமானது. ஆரோக்கியம் ஊரைவிட்டுப் போகும்போது என்னிடம் வந்து சொல்லிக்கொண்டு போனார். அந்த நிசப்தத்தை அவ்வளவு நீளமாக யாரும் விட மாட்டார்கள் தோழர், தொழில் தெரிந்தவன் யாரும் விட மாட்டான் என்று இரண்டு மூன்று முறை சொன்னார், அதில் தன் மேல் குற்றமில்லை என்று நான் சொல்ல வேண்டும்போல. 

ஆனால் கரண்ட் போகும். எங்கள் ஊரில் கரண்ட் போகாத நாளில்லை. போனால் எல்லாத் தறிகளும் ஒரே நேரத்தில் நிற்கும், உடனே அந்த நிசப்தம் வந்துவிடும். அதே நிசப்தம்தான், கிடங்கு வாசலில் வந்தது, இன்னும் முடியவில்லை. காக்கை கேட்காது, ஆறு கேட்காது. ஊரில் இருக்கிறவர்கள் இருக்கிற இடத்தில் அப்படியே நிற்பார்கள், வாய்க்குப் பாதி தூரத்தில் டீ தம்ளர், சீப்பு பாதித் தலையில், தூக்கிய கால் தூக்கியபடி. வராமல் போன அந்த அடியின் சத்தம் இப்போது வந்துவிடும் என்று எல்லோரும் சற்றே முன்னால் சாய்ந்து நிற்போம். அது வந்துவிட்டால் நாச்சிமுத்து எழுந்துவிடுவான் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றைக்குச் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள், ஏன் என்று தெரியாமலே, எங்களைப் பார்த்துச் சாய்ந்து நிற்கப் பழகிவிட்டார்கள். கரண்ட் வரும், தறி அடிக்கும், தம்ளர் வாய்க்குப் போகும்.

போன மாசிக்கு அப்புறம் ஒரு மத்தியானம் அப்படிக் கரண்ட் போனது. நாங்கள் ஏழெட்டுப் பேர் டீக்கடையில் நின்றோம். கடைக்காரர் குவளையை உயரத் தூக்கியபடி நின்றார், டீ முழுவதும் ஒழுகிக் கீழே போய்க்கொண்டிருந்தது. பாவாயி தூக்குவாளியோடு பட்டறைக்கு டீ வாங்க வந்தாள். இப்போது அவள் தலை பாதி நரைத்துவிட்டது. வாளியை நீட்டினாள். யாரும் வாங்கவில்லை. கடைக்காரரைப் பார்த்தாள். எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள், அன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனபோது பார்த்த மாதிரியே. கடைசியில் என் முன்னால் வந்து நின்றாள். அந்த நிசப்தத்துக்குள் யார் பேசியும் நான் கேட்டதில்லை. அவள் குரல் மட்டும், ஏற்ற இறக்கமில்லாமல், சற்றுப் பலமாக, தெளிவாகக் கேட்டது.

"எனக்குத்தான் காது இல்ல. நீங்கெல்லாம் அன்னைக்கு எதைக் கேட்டுக்கிட்டு நின்னீங்க தோழர்?"

பதில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். மேடையேறிய நாற்பது வருஷத்தில் பதில் இல்லாமல் நான் ஒரு மேடையைவிட்டும் இறங்கியதில்லை. வாயைத் திறந்தேன். சொல் வருவதற்கு முன்னால் எனக்குப் பின்னாலிருந்து அது வந்துவிட்டது. டொய்ங்.

கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவளுக்கு அது கேட்கவில்லை. பதில் வரப்போகிறது என்று என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கரண்ட் வந்தது. தறிகள் அடிக்கத் தொடங்கின. அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.